முத்துலிங்கத்தின் காதும் நிரோஷாவின் பெடலும்

கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் சைக்கிள் திருத்தும் முத்துலிங்கத்துக்கு யாரோடும் பகை கிடையாது, சத்தத்தைத் தவிர. குக்கர் விசிலடிக்கப் போகிறது என்றால் மனைவி ரத்தினம்மா முன்கூட்டியே குரல் கொடுப்பாள். அவர் எழுந்து ரோட்டுக்குப் போய்விடுவார். ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தால் திரும்ப வீட்டுக்குள் ஓடிவருவார். இப்படி உள்ளேயும் வெளியேயுமாக ஓடியே மனிதர் நாற்பத்தெட்டு வயதை எட்டிவிட்டார்.

பிறந்தது பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பதினெட்டு வயதில் தேயிலை ஃபெக்டரியில் வேலை கிடைத்தது. மெஷின்களுக்கு நடுவே மூன்று நாள் நின்றார். நான்காம் நாள் இரண்டு காதிலும் பஞ்சோடு வீட்டுக்கு வந்து, செத்தாலும் இனி அங்கே போகமாட்டேன் என்றார். தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். சத்தம் போடாத வண்டி எது என்று யோசித்து அவர் சைக்கிள் கடையில் போய்ச் சேர்ந்தார். அங்கே அந்தக் காது சோறு போட்டது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது, எந்தப் பேரிங் குண்டு தேய்ந்திருக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள், அடித்தொண்டையில் உறுமும் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். கடவுளுக்கும் விளையாட வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

மகள் நிரோஷா பேராதனை கெம்பஸில் படிக்கிறாள். கூடப் படிக்கும் ஸாகியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். தாங்கள் வாசிப்பது சைக்கடெலிக் ராக் என்று அவள் ஒருநாள் அம்மாவிடம் சொன்னது அப்பாவின் காதிலும் விழுந்தது. அவ்வளவு கூர்மையான காது அன்றைக்கென்று ஏமாந்துபோய், 'சைக்கிள் ராக்' என்று எடுத்துக்கொண்டது. அப்பாவின் தொழிலை மகள் மறக்கவில்லை என்று மனிதருக்குப் பூரிப்பு. "மகள் சைக்கிள் பாட்டு வாசிக்கிறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் திருத்தவில்லை, யாருக்காவது தெரிந்தால்தானே.

மகளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் தன் இசையைப் பற்றி அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தி நான்கு வருடமாகிறது. பாடசாலை விழாவில் முதன்முதலாக மேடையேறிய அன்று, முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்த அப்பா முதல் பாட்டிலேயே எழுந்து போய்விட்டார். மேடையிலிருந்து அவள் பார்த்தது ஒரு வெறும் கதிரையை. அதன்பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் அவரைக் கூப்பிடவில்லை. சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "அப்பாவுக்கு ஒத்துவராது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். அந்த மெதுவான குரல் பஸ் ஹோர்னைவிட மோசமாக அவரை வதைத்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரத்தினம்மா போனும் கையுமாகக் கடைக்கு ஓடிவந்தாள்.

"இந்தாங்க, நிரோஷாவோட பெடலு கரகரங்குதாம். நாலு மணிக்கு கண்டியில வாசிக்கணுமாம். புள்ள அழுவுது."

சைக்கிள் பாட்டு, அதில் பெடல் பழுது. முத்துலிங்கத்துக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. புதுப் பெடல் ஒரு சோடி, ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் பாட்டுப் போடுவார்கள் என்பதால் தன் சைக்கிளையே கண்டி வரைக்கும் மிதித்தார்.

ரத்தினம்மா சொன்ன மண்டபத்துக்குள் வியர்க்க விறுவிறுக்க நுழைந்து, "சைக்கிள் எங்க?" என்றார்.

மேடையில் ஐந்து பேரும் விழித்தார்கள். நிரோஷா மேடை விளிம்புக்கு வந்தாள். "அப்பா? என்னா சைக்கிள்?"

அவர் புதுப் பெடல்களை எடுத்து நீட்டினார். அவள் தன் காலடியில் கிடந்த சின்ன இரும்புப் பெட்டியைக் காட்டினாள். "இதுதாம்பா பெடலு. மிதிச்சா கிட்டார் சத்தம் மாறும்."

"அப்ப ஒங்க சைக்கிள் பாட்டு?"

"சைக்கிள் இல்லப்பா. சைக்கடெலிக்!"

ஸாகி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். நிரோஷா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுத கண்ணோடேயே விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் தன் முன்னால் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எண்ணியபடி முத்துலிங்கம் பெடலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு தரம் வாசிக்கச் சொன்னார். கரகரப்புக் கேட்டது. கண்ணை மூடினார். "பெட்டிக்குள்ள ஒண்ணுமில்ல. வயர் சொருகுற எடத்துல நட்டு ஆடுது" என்றார். ஸ்பேனரால் அரைச்சுற்று இறுக்கினார். கரகரப்பு போய்விட்டது. பிள்ளைகள் கைதட்ட, அவர் அந்தச் சத்தத்துக்கும் காதைப் பொத்திக்கொண்டார்.

"நானும் இருந்து கேட்டுட்டுப் போறேனே" என்றார்.

சிரிப்பு நின்றது. "வேணாம்பா. ஒங்களுக்குத் தாங்க ஏலாது."

"ஏலும்."

முன்வரிசையில் போய் உட்கார்ந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். முதல் பாட்டு தொடங்கியது. கிட்டார் சத்தம் இடப்பக்கச் சுவரிலிருந்து கிளம்பி, பிடரியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. பல் கூசியது. மூடிய கண்ணுக்குள் மஞ்சளும் ஊதாவும் கலந்து ஓடின. பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு குடம் தண்ணீரை ஒரே வாயில் குடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் மகளின் கிட்டாரைத் தேடினார், கிடைக்கவில்லை. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் பாட்டை முடித்துவிட்டார். இரண்டாவது பாட்டின் நடுவில் அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து வெளியே ஓடினார்.

மேடையிலிருந்து நிரோஷா அதைப் பார்த்தாள். பழையபடி வெறும் கதிரை.

இடைவேளை விட்டதும் பின்கதவால் இறங்கி வந்தாள். அழுவதானால் தனியாக அழலாம் என்றுதான் வந்தாள். அப்பாவின் சைக்கிள் அங்கே நின்றது. பக்கத்தில், மண்டபத்தின் பின்சுவரில் காதையும் கன்னத்தையும் ஒட்டவைத்துக்கொண்டு அப்பாவும் நின்றார். திரும்பிய முகத்தில் பாதி சுண்ணாம்பு.

"போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"மூணாவது பாட்டுல நடுவுல தாளத்துல ரெண்டு அடி விட்டுட்டியே புள்ள. ஏன்?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்று வாசித்த ஸாகிக்கே அது தெரியாது. வெறும் கதிரையைப் பார்த்துக் கண் கலங்கியபோது நழுவிப்போன அடிகள் அவை.

"இங்கருந்து கேட்டுச்சா?"

"உள்ள எல்லாரும் சேந்து அடிக்கிறீங்க, எனக்கு ஏலாது. இந்தச் செவுரு மத்தவங்க சத்தத்தையெல்லாம் உள்ளுக்கே நிப்பாட்டிருது. ஒன்னோட அந்தக் கீழ்ச்சத்தம் மட்டுந்தான் இந்தப் பக்கம் வருது. நல்லாருக்கு புள்ள. ரொம்ப நல்லாருக்கு."

அவள் திரும்பினாள். உள்ளே போனாள். முன்வரிசையில் கிடந்த அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரமாகப் போட்டாள். தாவணித் தலைப்பெல்லாம் இல்லாத காலம். டீசேர்ட் கையாலேயே அப்பாவின் காதில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு ஓடினாள்.

முத்துலிங்கம் உட்கார்ந்து, துடைத்த காதைத் திரும்பவும் சுவரில் வைத்தார். இரண்டாம் பாதியில் அவள் ஓரடியும் விடவில்லை. விட்டிருந்தால் அவர் சொல்லாமல் இருந்திருப்பாரா?