வெள்ளிக்கிழமை ஆட்டங்கள்

எண்பதுகளில் நாங்கள் அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்ற ஊரில் இருந்தோம். பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் எங்கள் மகன். அவனைத் தம் கல்லூரி அணிக்கு அழைக்க ஒரு பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். நெடிய உருவம், வெயிலில் சிவந்த கழுத்து. பேசும்போதெல்லாம் மடியில் இருந்த தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

காபி கொடுத்த என் மனைவி, பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள்.

"ஒரே பையன். அவனும் குவார்ட்டர்பேக்தான். ஸ்கூல்ல இது கடைசி வருஷம்."

"நல்லா ஆடுவானா?" என்றேன்.

"ஆடுறான்னு சொல்றாங்க. எல்லா ஸ்கூலுக்கும் வெள்ளிக்கிழமைதான் கேம். அன்னிக்கு நான் வேற யாரோட பையனையாவது பார்த்துக்கிட்டிருப்பேன்."

அவர் போனதும், "பாவங்க, ஒரு கேமாவது போய்ப் பார்க்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

எங்கள் மகன் வேறு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தான். ஃபோனில் சொன்னபோது அவர் மனதார வாழ்த்தினார். இனி அவருக்கு எங்கள் ஊரில் வேலை இல்லை. ஆனாலும் சீசனின் கடைசி வெள்ளிக்கிழமை, மைதானத்து வேலியோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். அருகில் போனேன்.

"உங்க பையனுக்கும் இன்னிக்குத்தானே கடைசி கேம்?"

"ஆமா. வரேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டான்," என்றார், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டம் முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.