உண்டியலுக்குள் நுழையாத முடிச்சு

"படிச்ச புள்ள கணக்குச் சொல்லும். காசு தராது."

என் தோழியின் அம்மா இதை என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, கையில் டீயும் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். தோழி தன் சம்பாத்தியத்தை இனி என்னிடம் கொடுத்து வைக்கப் போவதாக அப்போதுதான் அறிவித்திருந்தாள்.

"கணக்கும் சொல்லுவேன், காசும் தருவேன். பாத்துக்கிட்டே இருங்க அத்தை," என்றேன்.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டு காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரார் வரவு செலவையெல்லாம் பார்க்கிறவளுக்கு ஒருத்தியின் பணம் எம்மாத்திரம்?

தோழி மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். கல்யாணம் இல்லாத நாட்களில் பார்லரில் புருவம் திருத்துவாள். முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் நாச்சியாபுரத்துக்கோ வலையபட்டிக்கோ அந்நேரத்தில் பேருந்து கிடையாது. அவள் அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விடுவான். பெட்ரோலுக்கு என்று சொல்லிக் கூலியில் பாதியை வாங்கிக்கொள்வான். மீதியை வங்கியில் போட்டாலும் பயனில்லை, அவளுடைய ஏ.டி.எம். கார்டும் அண்ணனின் பர்ஸில்தான் இருந்தது. சொந்தமாக ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிட்டால் அவனிடமிருந்து தப்பிக்கலாம். அதுவரை பணம் என் பொறுப்பு.

முதலில் அதை என் வங்கிக் கணக்கில் போட்டேன். அந்த மாதம் எனக்குச் சம்பளம் தாமதமானது. கல்விக்கடன் தவணை தாமதமாகவில்லை. தேதி வந்ததும் கணக்கில் இருந்த அவள் பணத்தை வங்கி எடுத்துக்கொண்டது. அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப ஒம் படிப்புல எனக்கும் பங்கு இருக்குடி," என்றாள். "பேருக்குப் பின்னாடி பாதிப் பட்டத்த நானும் போட்டுக்கிறேன்."

சம்பளம் வந்த அன்றே ஈடுகட்டிவிட்டேன். ஆனால் இனி வங்கி வேண்டாம், வீடுதான் சரி என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் பூட்டு உள்ள ஒரே பொருள் வாசல் கதவு. அரிசிப் பானைக்குள் அம்மாவின் கை போகும். என் துணிப்பையில் அப்பா தீப்பெட்டி தேடுவார். எல்லோர் கைக்கும் எட்டி, யாரும் தொடாத இடம் ஒன்றுதான் இருந்தது. தோழியின் பணத்தை மஞ்சள் துணியில் இறுக்கி முடிந்து, முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். நேர்த்திக்கடனுக்காக முடிந்து வைத்த காசு என்றால் எங்கள் வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் எடுக்க மாட்டார்கள். அவள் பணம் கொடுக்கும்போதெல்லாம் அவிழ்த்து, சேர்த்து, மறுபடி முடிந்து வைப்பேன். எல்லாம் பத்தும் இருபதும் ஐம்பதுமான நோட்டுகள். முடிச்சு கொழுத்துக்கொண்டே வந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாமி காசை எடுக்க மாட்டார்கள், சரிதான். சாமியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகை நட்சத்திரமும்கூட. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஸ்கூட்டரை விற்க ஒப்புக்கொண்டிருந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு ஆறு மணிக்குள் பணத்தோடு வரும்படி தோழியிடம் சாவியைக் கொடுத்திருந்தார். தவறினால் வண்டி வேறொருவருக்கு. அவள் அந்த ஸ்கூட்டரிலேயே எங்கள் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தாள். நான் முருகன் படத்தை நகர்த்தினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஒங்க அம்மா எடுத்துட்டுக் குன்றக்குடிக்குப் போயிருக்கு," என்றார் அப்பா. "நீ நேந்துக்கிட்டு மறந்துட்டியாம். சாமி காசு ரொம்ப நாள் வீட்ல கெடக்கக் கூடாதாம்."

அம்மாவின் எண்ணை அழைத்தேன். அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன் ஒலித்தது.

வாசலுக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். தோழி வண்டியைத் திருப்பினாள். "ஏன்டி, என் வண்டிக் காசு முருகனுக்கா? அவருக்குத்தான் மயில் இருக்கே. ஏறு."

விலை கொடுக்காத ஸ்கூட்டரில் குன்றக்குடிக்குப் பறந்தோம். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறும்போது, "உண்டியல்ல போட்டுருந்தா மறுபடி அண்ணன் பைக்குதான்டி," என்றாள். நான் மூச்சு வாங்க அவள் பின்னால் ஏறினேன்.

மேலே உண்டியல் முன்னால் ஒரு சிறு கூட்டம். நடுவில் என் அம்மா. மஞ்சள் முடிச்சை உண்டியல் வாயில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அவுத்து நோட்டு நோட்டாப் போடுங்கம்மா, பின்னாடி ஆளு நிக்கிறாக," என்றார் கோயில் பணியாளர்.

"முடிஞ்சத முடிஞ்சபடிதான் போடணும். ஒங்க உண்டியலுக்கு வாய் சின்னதா இருந்தா நான் என்ன செய்ய?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். "போடாதம்மா. அது இவ காசு."

"அடுத்தவ காசையா நீ நேந்துக்கிட்ட?"

"நேந்துக்கவே இல்ல. ஒளிச்சு வச்சேன்."

"சாமிக்குப் பின்னாடியா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "நீ எழுதுன சர்க்கார் பரிச்சைக்கு நேந்துருக்கியோன்னு நெனச்சேன். அதான் என் நூறுநாள் வேலைக் காசையும் மேல வச்சு இன்னொரு துணியில முடிஞ்சேன்."

அதனால்தான் அது உண்டியலுக்குள் நுழையவில்லை. என் முடிச்சு மட்டும் என்றால் எப்போதோ உள்ளே விழுந்திருக்கும்.

ஆனால் அம்மா முடிச்சைத் தரவில்லை. சந்நிதி வரை கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகலாமா என்று அவருக்குத் தயக்கம். நான் சட்டம் பேச ஆரம்பித்தேன். பொருளுக்கு உரியவர் சம்மதிக்காமல் கொடுத்த காணிக்கை செல்லாது என்றேன். அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. தோழியைப் பார்த்து, "எதுக்குத்தா இந்தக் காசு?" என்று கேட்டார்.

"வண்டி வாங்க, அத்தை. வேலைக்குத் தனியாப் போயி வர."

அம்மா சந்நிதிப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். "இவ ஒழச்ச காச அவன் வாங்க மாட்டான். முடிச்ச அவுத்துரு."

அவிழ்ப்பதுதான் பெரும்பாடு. என் நகம் உடைந்தது. அம்மாவின் பல்லுக்கும் அசையவில்லை. கடைசியில் தோழி தன் பையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து, மணப்பெண்ணின் கூந்தல் சிக்கலைப் பிரிப்பதுபோல் பொறுமையாகப் பிரித்தாள். அம்மா தன் நோட்டுகளை மட்டும் எடுத்து உண்டியலில் போட ஆரம்பித்தார்.

"அதையாவது வச்சுக்கக் கூடாதாம்மா?"

"அது என் காசு. ஒனக்கென்ன?"

கீழே வந்ததும் அம்மா வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "நான் இதுல போறேன். நீ பஸ்ல வந்துரு."

நான் பஸ்ஸில்தான் போனேன். ஆசிரியர் வீட்டு வாசலில் தோழியும் அம்மாவும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஆறு ஆக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஆசிரியர் நோட்டுகளை எண்ண எண்ண மடியில் திருநீறு உதிர்ந்தது.

"கோயில் காசா?" என்றார் சந்தேகத்தோடு.

"இல்ல சார். கோயிலுக்குப் போயிட்டு வந்த காசு," என்றாள் தோழி.

வண்டி அவள் பெயருக்கு மாறிவிட்டது. விடியற்காலை முகூர்த்தங்களுக்கு அவளே போய் வருகிறாள். கூலி முழுதாகக் கைக்கு வருகிறது. மறுபடியும் என்னிடம்தான் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அரைநாள் விடுப்பு எடுத்து, வங்கிக்குக் கூட்டிப்போய் அவளுக்குப் புதுக் கணக்கு தொடங்க வைத்தேன். கார்டு அவள் கையில், வங்கிக் குறுஞ்செய்தி வருவதும் அவள் போனுக்கு. அவளோடு அலங்கார வேலைக்குப் போகும் இரண்டு பெண்களும் தங்கள் பணத்தை வைத்திருக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். அவர்களையும் போன செவ்வாய்க்கிழமை அதே வங்கிக்கு அழைத்துப் போனேன். ஒருத்திக்குக் கணக்கு தொடங்கியாயிற்று. இன்னொருத்தியின் ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருக்கிறது. திருத்தக் கொடுத்திருக்கிறோம்.