லிப்ஸ்டிக் போட்ட நோயாளியும் பரங்கிப்பேட்டை ஷமீமாவும்

இந்த முறை நான் கிளம்பியது கோயிலுக்காகவும் இல்லை, கடலுக்காகவும் இல்லை. என்னோடு பேசாமல் போய்விட்ட ஒரு பெண்ணைப் பார்க்கக் கிளம்பினேன். ஜனவரி கடைசியில் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள். கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம். பஸ், லாட்ஜ் விவரம் மட்டும் வேண்டுமென்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தேழு வயது. சென்னை அமைந்தகரையில் தனியாக இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. நாலு வருடங்களுக்கு முன் அம்மா இறந்த பிறகு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. அப்போதுதான் தமிழில் டப் செய்து வரும் சீனத் தொடர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்ப்பவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது. அதில்தான் ஷமீமா பழக்கமானாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது, பரங்கிப்பேட்டை. கணவர் ஷார்ஜாவில் கடை வைத்திருந்தார். எழுத மாட்டாள், எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். தினமும் ஏழு மணிக்கு எபிசோட் முடிந்ததும் இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடும். வயலில் நாற்று நடுகிற பெண்ணுக்கு எப்படி முகத்தில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை என்பேன் நான். தூங்கி எழுகிறவளுக்குப் புருவம் தீட்டியிருக்கிறது, ஃபில்டர் போட்டுப் போட்டு மூக்கே கரைந்துவிட்டது, கூரான மோவாயும் பால் நிறமும் இல்லாதவளுக்கு அந்த ஊரில் காதலே வராதா என்று கேட்பேன். வெடித்த உதடும் வெயிலில் கறுத்த கன்னமுமாக நடிகைகள் வரும் தொடர்கள் அங்கேயும் உண்டு, அவற்றைப் பார் என்று சிபாரிசு செய்வேன். "அத எதுக்குக்கா போன்ல பாக்கணும்? வாசல்ல நின்னா தெரியுதே" என்பாள் அவள். சிரிப்போம். மூன்று வருடம் இப்படியே போனது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. அவள் புரொஃபைல் படத்தில் ஒரு ரோஜா, என்னுடையதில் மலை.

போன ஜூனில் ஒரு தொடர் வந்தது. கதாநாயகிக்கு ரத்தப் புற்றுநோய். சாகும் காட்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள். தோளில் புரளும் கூந்தல், உதட்டில் இளஞ்சிவப்பு லிப்ஸ்டிக், கன்னத்தில் லேசான பளபளப்பு. குரூப்பே அழுதது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சாகப் போகிறவள் முகம் இப்படியா இருக்கும்? இதைப் பார்த்து அழுகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை போலிருக்கிறது" என்று எழுதினேன். அன்று இரவே ஷமீமா குரூப்பிலிருந்து வெளியேறினாள். அதன் பிறகு என் மெசேஜ் எதற்கும் பதில் இல்லை. ஏழு மாதம்.

ஜனவரியில் ஒரு நாள், "சனிக்கிழமை உங்கள் பக்கம் வருகிறேன், ஞாயிறு உன்னைப் பார்க்கலாமா?" என்று அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. முந்தைய தீபாவளிக்கு இனிப்பு அனுப்பியதில் அவள் முகவரி என்னிடம் இருந்தது. அழைக்காத வீட்டுக்குப் போவது சரியில்லை என்று தெரிந்தேதான் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கிளாம்பாக்கத்தில் அரசுப் பேருந்து. திண்டிவனம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு 10.25க்குப் போய்ச் சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் லாட்ஜ், அறை வாடகை 1,100. "ஒருத்தர் மட்டுமா மேடம்?" என்று கேட்டார் வரவேற்பில் இருந்தவர். ஆமாம் என்றேன். பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுத்தார்.

உண்மையில் அன்றே பரங்கிப்பேட்டைக்குப் போயிருக்கலாம். துணிச்சல் வரவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு 3.30க்கு ஆட்டோ பிடித்துத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். சில்வர் பீச் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆட்டோ 80 ரூபாய். மணல் அகலமானது, நீளமாக நடக்கலாம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனில் ஒரு தொடரைப் போட்டேன். அதில் மீனவப் பெண் ஒருத்தி வலையை உதறிக்கொண்டிருந்தாள், முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளை.

மீன் பொரித்து விற்கும் ஒரு பெண் தட்டோடு பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும், தேவனாம்பட்டினம்காரர்.

"சைனாவாக்கா? நானும் பாப்பேன். டப்பிங்ல வருதுல்ல."

"மீன் விக்கிற பொண்ணு இவ்வளவு வெள்ளையா இருப்பாளா, சொல்லுங்க?" என்று கேட்டேன். எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

அவர் இடுப்பில் கை வைத்து யோசித்தார். "எங்க இருப்பா? எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயிட்டு வந்தா கண்ணு மட்டுந்தான் தெரியும். அதுக்குன்னு என்னை வச்சி எடுத்தா யாரு பாப்பாங்க? நானே பாக்க மாட்டேன்." சிரித்துவிட்டு, "ஒரு பீஸ் குடுக்கவா? சூடா கீது" என்றார். இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் போன பிறகு அந்தத் தொடரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு காலை 8.40க்குச் சிதம்பரம் பஸ். 45 கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய். பரங்கிப்பேட்டை போக வேண்டும் என்றதும், "அப்ப முட்லூர்ல எறங்கிடும்மா, அங்கேருந்து கிட்ட. சிதம்பரம் போயிட்டுத் திரும்பி வர்றது சுத்து" என்றார் கண்டக்டர். முட்லூர் வந்ததும் விசிலும் அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. "சிதம்பரத்துலயும் ஒரு வேலை இருக்கு" என்று பொய் சொன்னேன். அவர் இரண்டாவது விசில் அடித்தார். ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டதுதான் மிச்சம்.

9.55க்குச் சிதம்பரம் பேருந்து நிலையம். ஒரு காப்பி குடித்துவிட்டு 10.30க்கு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு இலவசம். பரங்கிப்பேட்டையில் இறங்கும்போது 11.20. முகவரியைக் காட்டியதும் ஆட்டோக்காரர், "ஷார்ஜாக்காரரு வூடுதானே, வாங்க" என்றார். 40 ரூபாய்.

பச்சைக் கதவு. தட்டினேன். வயதான ஒரு அம்மா திறந்தார், ஷமீமாவின் மாமியார் என்று பிறகு தெரிந்தது. "யாரும்மா வேணும்?" என்றார். "ஷமீமாவப் பாக்கணும், சென்னையிலேருந்து வர்றேன்" என்று சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வசந்தி அக்கா!"

என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கும் அந்தக் குரல் தெரியும். ஆனால் அந்தக் குரலோடு வெளியே வந்த பெண்ணை எனக்குத் தெரியவில்லை. தலையில் முக்காடு. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, புருவம் பென்சிலால் கிறுக்கியது போல மெலிதாக இருந்தது. பார்த்த உடனே புரிந்துவிட்டது. இதே போன்ற ஒரு முகத்தை நான் பல வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"உக்காருங்க" என்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ஒல்லியா, ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

மாமியார் டீ வைத்துவிட்டு உள்ளே போனார். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதே இல்ல போலிருக்குன்னு போட்டீங்கல்ல அக்கா, அன்னிக்கு நான் பாண்டி ஆஸ்பத்திரிலதான் கெடந்தேன். மார்ல கட்டி. ரெண்டாவது கீமோ. வார்டுல படுத்துக்கிட்டுதான் அந்த எபிசோட பாத்தேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? வாய் பூரா புண்ணு, தண்ணி எறங்கல. முடி தலகாணியோட ஒட்டிக்கிட்டு வருது. அந்தப் பொண்ணு லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு படுத்திருக்கா. எனக்குக் கோவம் வரலக்கா. அவளாச்சும் நல்லாருக்காளேன்னு இருந்துச்சி. என் வலியெல்லாம் எடுத்துட்டு என் மூஞ்ச மட்டும் அங்க வச்ச மாதிரி. அப்ப பாத்து நீங்க எழுதுறீங்க. அழுவுறவங்கள்ளாம் மடச்சிங்கன்னு ஆயிடுச்சி."

அப்போதுதான் அவளிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அம்மாவுக்கு வயிற்றில் வந்தது. பதினோரு வாரம் ஆஸ்பத்திரி. விடுமுறை முடிந்து சம்பளமில்லா விடுப்பில் நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன். கடைசி வாரத்தில் அம்மாவின் முகம் அம்மாவுடையதாகவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உறவுக்காரர்கள் பவுடர் பூசி, பெரிய பொட்டு வைத்து, "லட்சுமி மாதிரி தூங்குறா பாரு" என்றார்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா பட்டதை நான் ஒருத்திதான் பார்த்தேன், அதையும் துடைத்துவிட்டார்கள். அந்தத் தொடரிலும் அதே பவுடரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

ஷமீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சொரசொரவென்று காய்ந்திருந்தது.

"இத அப்பவே ஒரு வாய்ஸ்ல சொல்லியிருக்கலாம்லக்கா."

"நீயும் சொல்லியிருக்கலாம்."

"ஆமா" என்றாள். "யாரோ சைனாக்காரி மூக்கப் பத்தி மூணு வருசம் பேசியிருக்கோம்."

மதியம் சாப்பிடாமல் விடவில்லை. இறால் குழம்பும் சோறும். அவளுக்கு மட்டும் காரமில்லாமல் தனியாக ரசம். சாப்பிடும்போது, "ஒண்ணு மட்டும் நீங்க சொன்னது சரி" என்றாள். "என் மவ எட்டாவது படிக்கிறா. இந்த நாடகத்த பாத்துப் பாத்து வெள்ளையாவுற க்ரீம் வேணும்னு ஒரே அடம். ஒரு நாள் ஏசிட்டேன். அப்புறம் நானே கண்ணாடி முன்னாடி நிக்கையில, எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஏசுனேன்னு தோணுச்சி."

நான் கிளம்பும் நேரத்தில் முக்காட்டை விலக்கிக் காட்டினாள். ஒரு அங்குலம் முடி வளர்ந்திருந்தது. "முன்னாடி இடுப்பு வரைக்கும் நேரா இருக்கும். இப்ப சுருட்டையா வருது. எப்படி இருக்கு? நெசத்த சொல்லணும். நீங்கதான் நெசம் பேசுறவங்களாச்சே."

அழகாக இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

"கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குரூப்புக்குத் திரும்ப வர மாட்டேன்க்கா, கோச்சிக்காதீங்க" என்றாள். "ஆஸ்பத்திரி சீன் வந்தா மருந்து வாடை மூக்குல ஏறுது. கடைசி ஸ்கேன் அல்ஹம்துலில்லாஹ் நல்லா வந்திருக்கு. அவரு என்னையும் மவளையும் ஷார்ஜாவுக்குக் கூப்புடுறாரு. மார்ச்சுக்குள்ள போயிடுவோம், இன்ஷா அல்லாஹ்." சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். என் ஏழு மணிகள் இனி எப்படி இருக்கும் என்றும் அதே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

3.45 பஸ்ஸில் சிதம்பரம் திரும்பினேன். கீழவீதியில் அறை, 900 ரூபாய். சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். தரிசனம் முடித்துப் பிராகாரத்தில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த பெண், "கொஞ்சம் இவனப் புடிங்க" என்று கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் புடவையைச் சரிசெய்தார். குழந்தை என் முகத்தையே பார்த்தது. அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். திங்கள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டுச் சென்னை பஸ் ஏறினேன்.

போகிறவர்களுக்கு: கிளாம்பாக்கத்திலிருந்து கடலூர் நாலே கால் மணி நேரம், காலை ஏழுக்குள் ஏறிவிட்டால் புதுச்சேரி நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். கடற்கரைக்கு நாலு மணிக்கு முன் போகாதீர்கள், மணல் சுடும். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை போகிறவர்கள் முட்லூரில் இறங்குங்கள், என்னைப் போல சுற்றாதீர்கள். சிதம்பரத்தில் காலை இட்லிக்குக் கத்திரிக்காய்க் கொத்சு கேட்டு வாங்குங்கள். தனியாக வரும் பெண்களுக்குக் கீழவீதி லாட்ஜ்களில் பயமில்லை. கோயில் மதியம் சாத்தியிருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். யார் வீட்டுக்காவது போவதென்றால் போன் செய்துவிட்டுப் போங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் செய்திருந்தால் வர வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்றாள் ஷமீமா. ஆகவே அது உங்கள் பாடு.

இதைப் பாதி எழுதி வைத்திருந்தபோது, மார்ச் இரண்டாவது வாரத்தில், அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பள்ளியில் வேலையாக இருந்ததால் மதியம்தான் கேட்டேன். பின்னால் அறிவிப்புச் சத்தம். "அக்கா, மெட்ராஸ் ஏர்போர்ட்லதான் இருக்கேன். ஃப்ளைட்டு லேட்டு, நாலு மணி நேரம் சும்மா ஒக்காந்திருக்கோம். முன்னாடியே சொன்னா வந்துடுவீங்க, பாத்தா அழுதுடுவேன். அதான் சொல்லல. முடி சீப்புல சிக்குற அளவுக்கு வந்துருச்சி. போயிட்டு வரேன்."

அனுப்பி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் பள்ளியிலிருந்து விமான நிலையம் மெட்ரோவில் நாற்பது நிமிடம்.