படகு எந்தப் பக்கம் பார்த்தது

அன்று காலை ஒன்பதே காலுக்கு ஜெகதாப்பட்டினத்தில் எல்லாப் படகுகளும் கரை சேர்ந்துவிட்டன, அப்பா போன படகைத் தவிர. போன வாரம் என் மகன் போன படகும் இப்படித்தான் பிந்தியது. அவன் வந்து, சாப்பிட்டு, தூங்கியும்விட்டான். எனக்குத்தான் அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. அந்த அசதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் படகு வராத அந்த நாளில் எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. வேறொரு படகில் போய்த் திரும்பியிருந்த சித்தப்பா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இஞ்சின் மக்கர் பண்ணிருச்சு மதினி. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துட்டு வருது. வந்துருவாங்க" என்றார் அம்மாவிடம்.

அம்மா கேட்டுக்கொண்டே நிலைப்படிக்கு வந்து நின்றாள். தம்பிதான் விடவில்லை.

"எப்புடி இழுக்குறாங்க? வரைஞ்சு காட்டு."

சித்தப்பா வாசல் மணலில் குந்தினார். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே கடல் தெரியும். கரைக்கு ஒரு கோடு போட்டார். அப்புறம் அப்பாவின் படகு, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் அதைவிடப் பெரிதாக இன்னொரு படகு. விரல் போகப் போகக் கதையும் வந்தது. அப்பா கால் நீட்டி உட்கார்ந்து பீடி குடிக்கிறாராம். கூட வந்தவர் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாராம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் பள்ளியில் படம் வரைந்து பேர் வாங்கியவள். தப்பு கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன சித்தப்பா, ரெண்டு படகும் கடலுக்குள்ள போகுது? வீடு இங்கிட்டுல்ல இருக்கு!"

அவர் விரல் அப்படியே நின்றது.

"ஆமாத்தா, ஒஞ் சித்தப்பனுக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு" என்று உள்ளங்கையால் அழித்துவிட்டு, இரண்டு படகையும் கரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

நிலைப்படியில் நின்ற அம்மா, அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். எனக்கோ பெரியவர் ஒருவரைத் திருத்திவிட்ட பெருமை.

மதியம் படகு முதலாளி வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"உசுருக்கு ஒண்ணுமில்லத்தா. எல்லை தாண்டுனதாச் சொல்லி, அந்தப் பக்கத்து நேவிக்காரங்க படகோட அங்கிட்டு இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"தெரியும்ணே" என்றாள் அம்மா.

யாரும் வந்து சொல்லாமல் இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவே இல்லை. முதலாளியின் காலடி மணலில், அப்பா இன்னும் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.