திரைக்குப் பின்னால் பிடித்த நோட்டு

வேலைக்காகக் கன்னட ஊருக்கு வந்து, நீலசந்திராவில் தனி அறை எடுத்துத் தங்கிய முதல் வருடம், பல ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்டதில்லை. வாரமெல்லாம் ஆபீசில் ஆங்கிலம். லீவு நாளில் அதுவும் கிடையாது. பக்கத்துத் தேவாலயத்தில், யேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை நடப்பது தெரிந்ததும், கிறிஸ்தவன் அல்லாத நான் வெட்கமில்லாமல் போய் நின்றேன்.

நாடகம் தமிழில்தான். ஆனால் நடித்தவர்கள் இங்கேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. அதனால் தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் நின்று அதை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

"கன்னடம் படிக்க வருமா சார்?" என்று கேட்டார் நாடகத்தை நடத்திய டீச்சரம்மா.

"வரும்" என்றேன். ஓர் எழுத்துகூடத் தெரியாது. இல்லை என்றால் அனுப்பிவிடுவார்களே என்ற பயம்.

தினமும் சாயங்காலம் போய், காதால் கேட்டே முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்தேன். நோட்டைச் சும்மா பிடித்துக்கொண்டு அவ்வப்போது பக்கம் புரட்டுவேன். கொஞ்சம் தாமதமானால் போன் வரும், "எங்க சார் இருக்கீங்க?" என்று. ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

நாடகத்தன்று டீச்சரம்மா நோட்டில் நான்கு வரி புதிதாக எழுதிச் சேர்த்திருந்தார். சீடர் வேடம் போட்ட ஆட்டோக்காரர் சரியாக அங்கேதான் மறந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். கடைசியில் அவர் மண்டியிட்டு அழுது சமாளித்தார்; கூட்டமும் கூடவே அழுதது. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

முடிந்ததும் உண்மையைச் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வாயாலயே சொல்லிக் குடுத்திருப்போமே சார்" என்றார் டீச்சரம்மா. திட்டியிருந்தால் தேவலை.

நோட்டு என்னிடமே தங்கிவிட்டது. பஸ் போர்டு, கடைப்பலகை ஒன்று விடாமல் கூட்டிக் கூட்டி, கன்னட எழுத்தைக் கற்றுக்கொண்டேன். தடுமாறாமல் நான் முதலில் படித்தது அந்த நான்கு வரியைத்தான்.

அடுத்த வருடம் ஆசையாகப் போனால், வசனம் எல்லாவற்றையும் ரெக்கார்டு செய்துவிட்டார்கள். ஸ்பீக்கர் பேசும், இவர்கள் வாயசைப்பார்கள். இனி மறக்க வழியே இல்லை.

"பார்க்க வந்துடுங்க சார், முன்னாடி சேர் போடச் சொல்றேன்" என்றார் டீச்சரம்மா, அன்பாகத்தான்.

போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் ஸ்பீக்கருக்கு ஒரு நொடி முந்தி வாய்க்குள் எடுத்துக்கொடுத்தேன். ஆட்டோக்காரர் மறந்த இடம் வந்தது. நான்கு வரியையும் பிசகாமல் சொன்னேன். மேடையிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.