ஜானகிக்கு ஒரு நாள் லீவு

மர்பி டவுன் ஜானகியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் எங்கள் ஆபீஸ் பெட்டியைப் பற்றிச் சொல்லித் தொலைக்க வேண்டும். பெங்களூர் அல்சூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன ஃபைபர் கம்பெனி எங்களுடையது. ஜானகி கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து லைன்களைக் கண்காணிப்பவள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கஸ்டமர்களிடம் திட்டு வாங்குபவள்.

பெட்டியின் பெயர் ஆப்டிகல் ஸ்விட்ச். எங்கள் பெரிய கஸ்டமர் ஒரு கால் சென்டர். அவர்களுக்கு இரண்டு கேபிள் போகிறது, ஒன்று பழைய மெட்ராஸ் ரோடு வழியாக, இன்னொன்று இந்திராநகர் வழியாக. இந்தக் கேபிள்களில் தகவல் வெளிச்சமாகத்தான் போகும்; ஒன்றில் வெளிச்சம் நின்றுபோனால், பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் அடுத்ததற்கு மாற்றிவிடும். கஸ்டமருக்குத் தெரியவே தெரியாது. மேனேஜர் சஞ்சய் சார், வருகிறவர்கள் எல்லோரிடமும் இதை ஏதோ தாமே கண்டுபிடித்த மாதிரி விளக்குவார்.

மழைக்காலத்தில் யாரோ ரோட்டைத் தோண்டி முதல் கேபிளை அறுத்துவிட்டார்கள். பெங்களூரில் தோண்டாத ரோடு ஒன்று இருந்தால் அதற்குக் கோயிலே கட்டலாம். பெட்டி தன் வேலையைச் செய்தது. இரண்டாவது கேபிளுக்கு மாற்றியது, சிவப்பு பல்பை எரியவிட்டது, அலாரம் அடித்தது.

"சார், மொதல் லைன் போயிடுச்சு. சரி பண்ண ஆள் அனுப்புங்க" என்றாள் ஜானகி.

"கஸ்டமர் கம்ப்ளெயின்ட் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னத்தம்மா போச்சு? இன்னொண்ணு ஓடுதில்ல? சும்னே இரும்மா" என்று பாதிக் கன்னடத்தில் அடக்கினார் சஞ்சய் சார்.

அலாரம் சத்தத்தை அணைத்தார்கள். பல்பு மட்டும் பாவம், எரிந்துகொண்டே கிடந்தது. ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பெரிய சாமந்தி மாலையாகப் போட்டார் சஞ்சய் சார். பல்பு மறைந்தது. பூஜை முடிந்து மாலை காய்ந்து சருகான பிறகும் யாரும் எடுக்கவில்லை. பல்பு தெரியாவிட்டால் கோளாறும் இல்லை என்பது எங்கள் சாரின் இன்ஜினியரிங்.

அடுத்தது சுனில். ஜானகியோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டியவன், சஞ்சய் சாரின் மச்சினன். மச்சினனாக இருப்பதே முழுநேர வேலை என்பதால் வேறு வேலை எதுவும் அவன் பார்க்கவில்லை. ஷிஃப்ட் தொடங்குகிற நேரத்துக்குச் சரியாக அவனுக்குக் காய்ச்சல் வரும். உடனே ஜானகிக்கு போன் போகும். அவள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடி வந்து உட்காருவாள். கண்ட்ரோல் ரூம் காலியாக இருந்ததே கிடையாது. கம்ப்ளெயின்ட்டும் இல்லை. ஆகவே சுனிலையும் யாரும் ரிப்பேர் பார்க்கவில்லை.

இதில் நாசமாகப் போனது ஜானகியின் கல்யாணம். ஆட்டோ ஓட்டுகிற எத்திராஜும் அவளும் விரும்பி, இரண்டு வீட்டிலும் பேசி முடித்த சம்பந்தம். நிச்சயதார்த்தத்தின் நடுவே போன் வந்தது, எழுந்து போனாள். மறுபடி நாள் குறித்தார்கள், அன்றைக்கும் சுனிலுக்குக் காய்ச்சல். எத்திராஜின் அக்கா மகா, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"கல்யாணத்தன்னிக்கும் இவ எழுந்து போனா, நாங்களும் எழுந்து போயிடுவோம். அப்பால அந்தப் பொட்டியையே கட்டிக்கினு குடும்பம் நடத்தட்டும்!"

அவள் கேட்டதில் என்ன தப்பு?

ஜானகி லீவு கேட்டபோது சஞ்சய் சார் பெரிய மனசு பண்ணினார். "கல்யாணம் காலையில தானே? மத்தியானம் ஷிஃப்டுக்கு வந்துடேன்." அவள் நகராமல் நின்றதைப் பார்த்து, "சரி சரி, போயிட்டு வா. சுனில் இருக்கான்" என்றார்.

மர்பி டவுனில் புத்த விகாரைக்குப் பக்கத்துக் கூடத்தில் கல்யாணம். ஜானகி தன் போனை என்னிடம் கொடுத்திருந்தாள். அவர்கள் மாலை மாற்றிக்கொள்ளும்போதே என் கைப்பைக்குள் அது அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தேன், ஆபீஸிலிருந்து மெசேஜ். இந்திராநகரில் குழாய்க்குத் தோண்டி இரண்டாவது கேபிளையும் அறுத்துவிட்டார்கள். பெட்டி நம்பிக்கையோடு முதல் கேபிளுக்கு மாற்றியிருக்கிறது. அங்கே ஒரு மண்ணும் இல்லை. சுனிலுக்குக் காய்ச்சல்.

போனைத் திரும்பப் பைக்குள் திணித்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் சஞ்சய் சாரே வந்து நின்றார், வியர்க்க விறுவிறுக்க, கழுத்தில் ஐடி கார்டோடு.

"ஜானகி, ரெண்டு லைனும் போச்சும்மா! கால் சென்டர் மொத்தமும் படுத்துடுச்சு. அரை மணி நேரம் வந்துட்டுப் போம்மா, ப்ளீஸ்!"

மகா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எத்திராஜ் தரையைப் பார்த்தான். இந்தப் பைத்தியக்காரி போனாலும் போவாள். பழகிய கால், செருப்பைத் தேடுகிற மாதிரி லேசாக நகரவும் செய்தது.

"சுனில் எங்க சார்?" என்றாள்.

"அவனுக்குக் காய்ச்சல்."

"மொதல் லைன்?"

"அது... நீ அப்பவே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்மா."

நகர்ந்த கால் நின்றது.

"சொன்னேன் சார். நீங்க மாலையைப் போட்டு மூடிட்டீங்க. அதுக்கப்புறம் யாருக்கும் எதுவும் தெரியல." தன் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டாள். "இன்னிக்கு எனக்கும் மாலை போட்டிருக்காங்க. எனக்கும் எதுவும் தெரியல."

எத்திராஜ் தலை நிமிர்ந்தான். நான் வெட்கமில்லாமல் அழுதேன். மகா தோளிலிருந்து பையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை சஞ்சய் சார் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"குந்து சார். பிரியாணி இருக்குது, துன்னுட்டுப் போ."

அவர் உட்காரவில்லை. ஆனால் அன்று மத்தியானமே, டாக்டர், மாத்திரை எதுவும் இல்லாமல், சுனிலுக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது.