செராமிக் ஹம்பக்கரின் முதல் அடி

எங்கள் பக்கத்தில் ‘டொம்’ என்று கேட்டால் யாரும் காதைப் பொத்துவதில்லை. தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். புகை எழும் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அடுத்த மூச்சில் மனசு தேட ஆரம்பிக்கும். சாத்தூர்க்காரனான எனக்கு இது தெரியாததில்லை. கிட்டார் கையில் இருந்தால் எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

அன்று மத்தியானம் மாடித் தகரக் கொட்டகையில் நானும் கல்லூரி நண்பனும் இரண்டு ஹம்பக்கர்களை மோதவிட்டுக்கொண்டிருந்தோம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பில் இது இரட்டைச் சுருள் வகை. இரைச்சலைத் தின்றுவிட்டுத் தடித்த ஒலியை விடும். ஒன்றில் அல்னிகோ காந்தம், மற்றதில் செராமிக். ஒரே கிட்டார், ஒரே இடம், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியும் ஒன்றே. ஒன்றைக் கழற்றி மற்றதை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக் கேட்டால்தான் போட்டி நியாயம்.

அல்னிகோ, அடித்ததும் ஒரு கணம் பதுங்கிப் பிறகு விரிந்தது. நடுவில் நல்ல கனம், ஓரமெல்லாம் மழுங்கல்.

“நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா சண்டைக்கு வராது” என்றான் நண்பன்.

செராமிக்கை மாட்டினோம். ஒலியைக் கரகரவென்று கிழிக்கும் டிஸ்டார்ஷனை முழுக்க ஏற்றி, உள்ளங்கை ஓரத்தால் கம்பிகளை அமுக்கிக்கொண்டு ஓங்கி ஒரு அடி. பதுங்கலே இல்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நேராக நெஞ்சில் இறங்கியது. தகரம் அலறியது. இன்னொரு அடி. இன்னொன்று. வெறிபிடித்தவன்போலச் சிரித்தேன்.

கீழே கதவு அறைந்தது. எட்டிப் பார்த்தால் தெருவே வெளியில் நிற்கிறது. என் அண்ணி செருப்பில்லாமல், அவிழ்ந்த கொண்டையோடு, அண்ணன் வெடிமருந்து கலக்கும் கம்பெனியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

“அண்ணி! அது நாந்தான்!”

கேட்கவில்லை.

அண்ணன் அவரை பைக்கில் கூட்டிவந்தான். அண்ணியின் பாதமெல்லாம் ரத்தம். குளிக்காமல் கம்பெனி கேட்டைத் தாண்டாதவன், மேலெல்லாம் அலுமினியப் பொடியோடு அப்படியே வந்திருந்தான். மாடி ஏறி வந்து அறைந்த முதல் அறையில் என் உதடு கிழிந்தது.

“ஏலே, நான் செத்துட்டேன்னு கம்பெனி கேட்டுல விழுந்து பொரண்டிருக்காலே இவ!”

பிக்கப்பைப் பிடுங்கினான். வயர்கள் அறுந்தன. அதைச் சுவரில் எறிந்துவிட்டு, கிட்டாரின் கழுத்தைப் பிடித்துத் தலைக்கு மேல் ஓங்கினான். நண்பன் பல்லியாகச் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

அண்ணிதான் அவன் கையைப் பிடித்தார். “உங்கள உசுரோட பாத்தாச்சுல்ல. விடுங்க.” பிறகு என் பக்கம் திரும்பி ஓங்கி இரண்டு வைத்தார். அண்ணன் அறைந்ததைவிட வலித்தது.

செராமிக்கை மறுபடி பற்றவைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது அந்த ஒலியின் கடிதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் இப்போதெல்லாம் ஆம்ப்பைப் போடுமுன் கீழே குரல் கொடுத்தாக வேண்டும். அண்ணி வாசலுக்குப் போய்க் கத்துவார்: “ஏத்தா, எங்க கொளுந்தன் பொட்டியப் போடப் போறான்! யாரும் ஓடிராதீக!”

சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். முதல் அடி விழுந்ததும் அவர் தலையும் வானத்தைப் பார்த்து நிமிரும்.